வைரஸ் நோய்க்கு ஏன் இத்தனை ஆன்டிபயாட்டிக்? கொரோனா கால மருத்துவமனைகளைப் பற்றி ஒரு விவாதம்

திருச்சி வாசகன்:
உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு கணக்கை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். 2020 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை 65 நாடுகளில் கோவிட் தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 4.5 லட்சம் பேரின் விவரங்களை அந்நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. பாக்டீரியத் தொற்றும் சேர்ந்திருந்ததால் ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் 8 சதவீதம் பேர்தாம். கொடுக்கப்பட்டதோ நான்கில் மூன்று பேருக்கு. மேற்குப் பசிபிக் பகுதியில் 33 சதவீதமாக இருந்த இப்பயன்பாடு, கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியிலும் ஆப்பிரிக்கப் பகுதியிலும் 83 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது என்பது பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கும் செய்தி. டாக்டர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தும் இது எப்படி நடந்தது என்பதே என் கேள்வி. யார் மீதும் பழி போடுவதற்காகக் கேட்கவில்லை. வார்டில் வேலை பார்த்தவர்கள் யாரேனும் இங்கு இருந்தால் விளக்கமாக எழுதுங்கள்.

தேனி மருந்துக்கடை:
வார்டுக்கு வருவதற்கு முன்பே கதை தொடங்கிவிட்டது, ஐயா. முதல் அலையின் போது வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டைக் கைபேசியில் காட்டி அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்டவர்களே எங்கள் கடைக்கு அதிகம் வந்தார்கள். காய்ச்சல் வந்தவர் மட்டுமல்லாமல், அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் சேர்த்து வாங்கிப் போனார்கள்.

இரவுப்பணி:
2020-இல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன் நான். திருச்சி ஐயாவின் கேள்விக்கு ‘பயம்’ என்று சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு மருத்துவ வரலாறு உண்டு. 1918 இன்புளுயன்சா கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, வைரஸைத் தொடர்ந்து நுரையீரலில் இறங்கிய பாக்டீரிய நிமோனியாதான். அக்காலத்தில் பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மீண்டும் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் இதை விரிவாக எழுதினார்கள். 2009 பன்றிக்காய்ச்சலின் போதும் ஐசியூவுக்கு வந்தவர்களில் கணிசமானோருக்குப் பாக்டீரியத் தொற்று சேர்ந்திருந்தது. இன்புளுயன்சா மூச்சுக்குழாயின் உட்பூச்சைச் சிதைத்துவிடுவதால் நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு வழி திறந்துவிடும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். புதிய வைரஸ் வந்தபோது அதுவும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

இனி அந்த இரவைப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு எண்பதுகளில் இருக்கும் ஒருவர் காய்ச்சலோடு வருகிறார், அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. மிக அதிகம், சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களும் வெளுத்திருக்கின்றன. வைரஸ் தனியாகவே இவை அனைத்தையும் செய்யக்கூடியது. பாக்டீரியாவும் கூட இருக்கிறதா என்பதை இவற்றில் எதுவும் பிரித்துச் சொல்லாது. வறட்டு இருமல் என்பதால் சளி மாதிரி கிடைப்பதில்லை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து மாதிரி எடுக்கலாமென்றால், வைரஸ் காற்றில் பரவிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். இந்நிலையில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸைப் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மே வழிகாட்டுதலும் இதற்கு எதிராகப் பேசவில்லை. லேசான நோய்க்கு ஆன்டிபயாட்டிக் கூடாது, மிதமான நோய்க்குப் பாக்டீரியத் தொற்று இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மட்டும், கடுமையான நோய்க்கு மருத்துவரின் மதிப்பீட்டின்படி கொடுக்கலாம், கொடுத்தபின் நாள்தோறும் தேவையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அது சொன்னது. அந்தக் கடைசி வரி வரைக்கும் படிக்கப் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். தொடங்கியதற்கு நியாயம் இருந்தது. மூன்றாம் நாள் எவரும் நிறுத்தாததற்குத்தான் நியாயம் இல்லை.

எண்கணக்கு:
இந்த 8 சதவீதத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. இத்தகைய எண்களுக்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 10 மருத்துவமனைகளில் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சேர்ந்த 17,534 கோவிட் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தது, அவர்களில் 3.6 சதவீதம் பேருக்கே பாக்டீரியா அல்லது பூஞ்சையின் இரண்டாம் நிலைத் தொற்று கண்டறியப்பட்டதாக அறிக்கை சொல்கிறது. ஆனால் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மாதிரியே அனுப்பப்படாதவர்களும் அந்த மொத்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறார்கள். சோதிக்கப்படாதவருக்குத் தொற்றே இல்லை என்று கொள்வது என்ன கணக்கு?

மற்றொன்றும் உண்டு. இந்தியாவின் தனியார் சந்தை விற்பனையை ஆராய்ந்து 2021-இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வெளிவந்த ஆய்வு, 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரியவர்களுக்கான ஆன்டிபயாட்டிக் 21.64 கோடி டோஸ் கூடுதலாக விற்றது என்று எல்லா நாளிதழ்களிலும் இடம்பிடித்தது. அதே ஆய்வின்படி 2020-இன் மொத்த ஆன்டிபயாட்டிக் விற்பனை முந்தைய இரண்டு ஆண்டுகளைவிடச் சற்றுக் குறைவு. மொத்தம் குறைந்திருக்கும்போது கூடுதல் எங்கிருந்து வந்தது?

ஆய்வகத்தாள்:
நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எண்கணக்கு எழுப்பிய இரண்டு ஐயங்களும் கேட்கத் தகுந்தவையே.

முதலில் விற்பனை. ஊரடங்கின் போது பள்ளிகள் மூடிக் கிடந்தன, மக்கள் முகக்கவசம் அணிந்தார்கள், அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. வழக்கமான சளி, தொண்டைவலி, வயிற்றுப்போக்கு எல்லாம் குறைந்ததால் ஆன்டிபயாட்டிக் விற்பனையும் வெகுவாகச் சரிந்திருக்க வேண்டும். வசதி படைத்த நாடுகளில் அப்படித்தான் சரிந்தது. இங்கே சரிய வேண்டிய அளவுக்குச் சரியவில்லை என்பதே அந்தக் கூடுதலின் பொருள். அதில் அசித்ரோமைசின் மட்டும் 3.8 கோடி டோஸ் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் எந்த நோயின் பெயரால் விற்றது என்பதில் ஐயம் எழாது.

அடுத்து அந்த 3.6 சதவீதம். அது குறைமதிப்பீடாக இருக்க வாய்ப்புண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதற்கு எங்கள் ஆய்வகத்துக் காரணம் ஒன்றும் உண்டு: முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் போகலாம். ‘வளர்ச்சி இல்லை’ என்று நாங்கள் அனுப்பும் அறிக்கை தொற்று இல்லாததையும் குறிக்கலாம், மருந்து கிருமியை அமுக்கி வைத்திருப்பதையும் குறிக்கலாம். ஆகவேதான் மருந்துக்கு முன் ரத்தம் எடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் அந்த எண்ணை இரண்டு மடங்காக்குங்கள், மூன்று மடங்காகவே ஆக்குங்கள். 75 சதவீதத்துக்கு அருகில் எங்கும் அது வந்து சேராது.

இதைவிட முக்கியமாக, இரண்டு வேறுபட்ட தொற்றுகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நோயாளி மருத்துவமனைக்குள் நுழையும்போதே வைரஸோடு கூட்டி வரும் பாக்டீரியா ஒரு வகை. உள்ளே படுத்திருக்கும்போது வென்டிலேட்டர் குழாய் வழியாகவும் கழுத்து ரத்தக்குழாயில் போட்ட ஊசிக்குழாய் வழியாகவும் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியா மற்றொரு வகை. 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு முதல் வகையை 3.5 சதவீதம் என்றும் இரண்டாம் வகையை 14.3 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. சேர்த்த அன்றே ஆரம்பித்த ஆன்டிபயாட்டிக் இரண்டாம் வகையைத் தடுக்கும் என்று நம்பிப் பலர் தொடர்ந்தார்கள். குடலிலும் தொண்டையிலும் இருந்த சாதாரணக் கிருமிகளை அம்மருந்து அழித்துவிட, எதற்கும் அசையாத கிருமிகளுக்கு இடம் காலியானது. அந்த 10 மருத்துவமனை ஆய்வில் முன்னணியில் இருந்தவை கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும். இரண்டும் மருத்துவமனைக்குள் வாழப் பழகியவை, பல மருந்துகளுக்கு மசியாதவை. சேர்ந்தவர்கள் அனைவரிலும் 10.6 சதவீதம் பேர் இறந்தார்கள். இரண்டாம் நிலைத் தொற்று வந்தவர்களிலோ 56.7 சதவீதம் பேர் இறந்தார்கள். தீவிரமாக நோயுற்றவர்களுக்குத்தான் அத்தொற்று வந்தது என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் கிருமியின் கணக்கில் எழுத முடியாதுதான். இருந்தாலும் அந்த எண்ணைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

பொன்வண்டு:
நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். 2021 மே மாதத்தில் என் தாயார் ஒரு தனியார் மருத்துவமனையில் கோவிட் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை இப்போது எடுத்துப் பார்த்தேன். சேர்த்த நாளிலிருந்தே மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டிருக்கிறார்கள். பின்னர் கோலிஸ்டின் என்ற மற்றொன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கல்ச்சர் அறிக்கை ஒன்றுகூட இணைக்கப்படவில்லை. மருந்துக் கட்டணத்தில் பெரும்பகுதி இவற்றுக்கே போயிருக்கிறது. இது தவறான சிகிச்சையா? அந்நேரத்தில் எல்லோரும் பேசிய கருப்புப் பூஞ்சைக்கும் இம்மருந்துகளுக்கும் தொடர்பு இருந்ததா? டாக்டர் விளக்க வேண்டும்.

இரவுப்பணி:
உங்கள் தாயார் நலமாக இருப்பது மகிழ்ச்சி, அம்மா. ஒரு சம்மரியை வைத்துக்கொண்டு, நோயாளியை நேரில் பார்க்காத நான் தவறு என்றோ சரி என்றோ சொல்வது முறையல்ல. பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

மெரோபெனெம் போன்ற மருந்தை முதல் நாளே தொடங்கக் காரணம் இருக்க வேண்டும்: நோயாளி அண்மையில் வேறொரு மருத்துவமனையில் படுத்திருந்தார், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது என்பது போல. கல்ச்சரே அனுப்பாமல் கோலிஸ்டின் வரை போனது எனக்கு உவப்பானதல்ல. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று தட்டுகளாகப் பிரித்திருக்கிறது: எளிதில் கொடுக்கத் தக்கவை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென ஒதுக்கி வைக்க வேண்டியவை. செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின், மெரோபெனெம் ஆகியவை நடுத்தட்டு. கோலிஸ்டின் கடைசித் தட்டு. பெருந்தொற்றில் உலகெங்கும் அதிகம் எழுதப்பட்டவை நடுத்தட்டு மருந்துகள்.

ஆனால் 2021 மே மாதத்து ஐசியூவில் ஒருவரை மூன்றாம் நாள் மறுபரிசீலனை செய்வது எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டெராய்டு கொடுத்திருப்பதால் காய்ச்சல் அடங்கியிருக்கும். அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டிருந்தால் உள்ளே தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாது. வெள்ளையணு எண்ணிக்கையோ ஸ்டெராய்டாலேயே ஏறியிருக்கும். எந்த அடையாளங்களை நம்பி மருந்தை நிறுத்துவோமோ, அவற்றையெல்லாம் நாங்கள் கொடுத்த மருந்துகளே மறைத்துவிட்டன. நிறுத்தியபின் நோயாளி இறந்தால் ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்று உறவினர் கேட்பார். தொடர்ந்ததால் இறந்தால் அப்படியொரு கேள்வியே எழாது.

கிருமி பரவிய விதத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இதைப் பேசுவோர் குறைவு. முழுக் கவச உடை எங்களைக் காப்பாற்றியது. நோயாளியை மற்றொரு நோயாளியிடமிருந்து காப்பாற்றவில்லை. சாதாரண நாளில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது கையுறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்வோம். எல்லோருக்கும் கோவிட்தானே என்ற எண்ணத்தில், உடையோடு ஒட்டியிருந்த உள்கையுறையைக் கழற்றாமல் ஒரே கையோடு பல படுக்கைகளைப் பார்த்த வார்டுகள் உலகெங்கும் இருந்தன. செவிலியர் ஒருவர் பார்க்க வேண்டிய நோயாளிகள் பெருகிப்போனார்கள். குப்புறப் படுக்க வைப்பதற்காக நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவரைப் புரட்ட வேண்டியிருந்தது. அசினெட்டோபாக்டர் உலர்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடு இருக்கும் கிருமி. அதற்கு இதைவிட வசதியான இடம் வாய்க்காது.

கருப்புப் பூஞ்சையைப் பொறுத்தவரை, 2021 ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. மே மாதமே தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் அளவு மீறிய ஸ்டெராய்டும் அதன் முதன்மைக் காரணங்கள். ஆன்டிபயாட்டிக்கை அவ்விரண்டோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். காண்டிடா வகைப் பூஞ்சைகள் வேறு. அவற்றுக்கு நீண்டகால ஆன்டிபயாட்டிக் நன்கறியப்பட்ட காரணம்.

எண்கணக்கு:
கூடுதல் விற்பனையைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் மருத்துவமனைப் பயன்பாட்டால்தான் மருந்துக்கு எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகள் பெருகின என்பதற்கு வலுவான தரவு உண்டா? ஆள் பற்றாக்குறை, கையுறை, வென்டிலேட்டர் என்று டாக்டரே வேறு காரணங்களை அடுக்கியிருக்கிறார்.

ஆய்வகத்தாள்:
ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து அளக்க முடியவில்லை என்பதே உண்மை. அருகில் வரக்கூடிய தரவு அமெரிக்காவினுடையது. அங்கே எதிர்ப்புத் திறன் கொண்ட தொற்றுகளால் நேரும் மரணங்கள் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டதாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-இல் மகிழ்ச்சியோடு அறிவித்தது. அதே மையம் 2022-இல் வெளியிட்ட சிறப்பறிக்கையின்படி, 2019-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட ஒரே ஆண்டில் மருத்துவமனையில் பிடிக்கும் இத்தகைய தொற்றுகளும் மரணங்களும் குறைந்தது 15 சதவீதம் கூடின. மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்துகளுக்கு மசியாத அசினெட்டோபாக்டர் தொற்று மட்டும் 78 சதவீதம் கூடியது. அந்நாட்டில் 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. மருந்து, நெரிசல், தளர்ந்துபோன தொற்றுக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. இவற்றுள் நெரிசலைத் தவிர்க்க எந்த மருத்துவமனையாலும் முடிந்திருக்காது. மருந்தைக் குறைக்க முடிந்திருக்கும்.

நம் நாட்டில் அந்த உயர்வுக்கு முன்பே நிலைமை மோசம். கார்பபெனெம்களை முறியடிக்கும் என்.டி.எம்-1 நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழ் வெளியிட்ட கட்டுரையில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டதும் அந்தப் பின்னணியில்தான்.

தேனி மருந்துக்கடை:
அந்தப் பேச்சுகளின் தொடர்ச்சியாகத்தான் 2014 மார்ச்சிலிருந்து மருந்து விற்பனை விதிகளில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம், மெரோபெனெம், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் அதில் உண்டு. கொரோனா காலத்தில் அதிகம் போன அசித்ரோமைசின் அதில் இல்லை. அது சாதாரண எச் அட்டவணையில் இருப்பது. சீட்டு வேண்டும் என்பது சட்டம்தான், ஆனால் பதிவேடு கிடையாது.

டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களிடம் அசித்ரோமைசின் வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டும் காய்ச்சல் விடாமல் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

இரவுப்பணி:
ஒரு படி மேலிருந்து. வார்டுகளில் நடந்ததும் அதுதான். ‘வெளியே அசி, டாக்ஸி (அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின்) எல்லாம் கொடுத்தாயிற்று, கேட்கவில்லை’ என்று பரிந்துரைக் கடிதம் சொல்லும். வைரஸ் காய்ச்சல் அம்மருந்துக்குக் கேட்காதது இயல்பு; ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதைப் படிப்பவர், எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாவாக இருக்குமோ என்று எண்ணிப் பிப்பெராசிலின்-டாசோபாக்டம் எழுதுவார். இரண்டு நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்தது மெரோபெனெம். இந்த ஏணியில் ஏறியவர்களுள் எத்தனை பேருக்குப் பாக்டீரியா இருந்தது என்பதை எவரும் பார்க்கவில்லை.

திருச்சி வாசகன்:
அசித்ரோமைசின் அரசு வழிகாட்டுதலிலேயே இருந்ததாக நினைவு. அப்படியானால் மக்களையும் கடைக்காரரையும் மட்டும் குறை சொல்வது நியாயமில்லையே?

ஆய்வகத்தாள்:
இருந்தது. 2020 மார்ச் 31 தேதியிட்ட மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதல், ஐசியூ தேவைப்படும் கடும் நோயாளிகளுக்கு மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினோடு அசித்ரோமைசினைப் பரிசீலிக்கலாம் என்றது. ஜூன் மாதத் திருத்தத்தில் அசித்ரோமைசின் நீக்கப்பட்டது. இதற்கெல்லாம் வேர், பிரான்சின் மார்செய் நகரிலிருந்து 2020 மார்ச்சில் வெளிவந்த மிகச் சிறிய ஆய்வு. அதில் இரண்டு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்கள் 6 பேர்தாம். அக்கட்டுரையை 2024 டிசம்பரில் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 7,700-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளை வைத்துச் சோதித்து, அசித்ரோமைசின் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 28 நாளில் இறந்தவர்கள் ஒரே மாதிரி 22 சதவீதம் என்று காட்டிவிட்டது. அதே ஆய்வுதான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு உயிர் காக்கும் என்பதையும் காட்டியது. உலகம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. ஒரு மருந்து வேலை செய்கிறது என்ற செய்தி பரவும் வேகத்தில், வேலை செய்யவில்லை என்ற செய்தி பரவுவதில்லை. டாக்ஸிசைக்ளினையும் ஐவர்மெக்டினையும் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கோவிட் சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்க, இரண்டாம் அலை வடியத் தொடங்கிய 2021 மே இறுதி வரை ஆனது.

பொன்வண்டு:
விளக்கங்களுக்கு நன்றி. இனி ஒருமுறை வீட்டில் யாரையாவது ஐசியூவில் சேர்க்க நேர்ந்தால், டாக்டரைப் புண்படுத்தாமல் நாங்கள் என்ன கேட்கலாம்?

ஆய்வகத்தாள்:
‘முதல் டோஸ் போடுவதற்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டீர்களா?’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, ‘கல்ச்சர் முடிவு வந்ததா, அதற்கேற்ப மருந்தை மாற்றினீர்களா அல்லது நிறுத்தினீர்களா?’ என்று கேளுங்கள். எந்த டாக்டரும் இதனால் புண்பட மாட்டார். ஆய்வக வசதியே இல்லாத இடமென்றால் இக்கேள்விக்குப் பயனில்லை என்பதும் உண்மை. பல சிறிய மருத்துவமனைகளில் கல்ச்சர் வெளியூருக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. பெருந்தொற்றின் போது, இருந்த சில ஆய்வகங்களும் ஆர்.டி.பி.சி.ஆர். வேலைக்குத் திருப்பிவிடப்பட்டன. பாக்டீரியத் தொற்றின் போது ரத்தத்தில் உயரும் புரோகால்சிடோனினை அளக்கும் பரிசோதனை ஓரளவு உதவும். பிரிட்டனில் முதல் அலையின் போது அதைப் பயன்படுத்தத் தொடங்கிய மருத்துவமனைகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு குறைந்ததாக ஆய்வு உண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் அது தொற்று இல்லாமலே உயரும். நம் ஊரில் அதன் விலையும் அதிகம்.

எண்கணக்கு:
அப்படியானால் கல்ச்சர் வசதி இல்லாத மருத்துவமனையில் மூன்றாம் நாள் எதைப் பார்த்து நிறுத்துவது? அங்குதான் இந்த ஆலோசனை முழுவதும் சிக்கிக்கொள்கிறது.

இரவுப்பணி:
சிக்கல் உண்மைதான், முழுத் தீர்வு என்னிடம் இல்லை. இப்போது நான் இருக்கும் பிரிவில் செய்வதைச் சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக் எழுதும்போதே காரணத்தையும் முடியும் நாளையும் கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும். அந்த நாள் வந்ததும் யாரும் புதிதாகக் காரணம் எழுதாவிட்டால் செவிலியர் மருந்தைத் தொடர மாட்டார். தொடர்வதற்குக் கையெழுத்து தேவை, நிறுத்துவதற்குத் தேவையில்லை என்று ஆக்கியதும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இழுத்துக்கொண்டே போவது குறைந்தது. மூத்த மருத்துவர்கள் சிலருக்கு இது இன்னும் பிடிக்கவில்லை. செவிலியர் கேட்டுத் தாம் கையெழுத்துப் போடுவதா என்று முகம் சுளிக்கிறார்கள். கடந்த ஃப்ளூ பருவத்தில் வந்த வைரஸ் நிமோனியா நோயாளிகளுக்கு இந்த முறையைத்தான் கையாண்டோம். சேர்த்த அன்று பெரும்பாலோருக்குத் தொடங்கினோம். மூன்றாம் நாளைத் தாண்டித் தொடர்ந்தவர்கள் சிலரே.